உரப்பும் சமத்துவமும்: பாடற்றொகுப்புகளின் ஒலியளவு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பாடல் பற்றிய நமது விமரிசனம் நெடுங்காலமாகச் சொல்லைப் பற்றிய விமரிசனமாகவே இருந்து வந்துள்ளது. மெட்டும் இராகமும் வாத்திய அமைப்பும் கடந்த சில தசாப்தங்களில் ஓரளவு கவனத்தைப் பெற்றுள்ளன. எனினும் ஒரு பாடல் எத்துணை உரப்புடன் நம் செவியை அடைகின்றது என்னும் வினா இலக்கிய ஆய்வாளருக்கு உரியதன்று, ஒலிப்பதிவுக் கூடத்துத் தொழினுட்பவியலாளருக்கே உரியது என்று ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு சாதனங்களில், வெவ்வேறு வர்க்கத்தினரின் தேவைக்கெனப் பதிவு செய்யப்பட்ட பாடல்கள் ஒரே வரிசையில் அடுத்தடுத்து ஒலிக்கும் இன்றைய நிலையில் இவ்வொதுக்கல் பொருந்தாது. அப்பாடல்களின் உரப்பைச் சமன் செய்யும் மென்பொருள் ஒவ்வொரு பாடலின் மீதும் ஒரு தீர்ப்பை வழங்குகின்றது. அத்தீர்ப்பின் அலகு யாது, அவ்வலகைத் தெரிவு செய்தவர் எவர் என்பனவே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினாக்கள்.

ஓர் உதாரணத்தை முன்வைத்தல் வசதியாகும். மாத்தளை மாவட்டத்துச் சீகிரியா இந்நாட்டின் பாடசாலை, பல்கலைக்கழகச் சுற்றுலாக்களில் தவறாது இடம்பெறும் தலம். இனாமலுவைச் சந்தியில் பிரதான வீதியை விட்டுத் திரும்பும் சுற்றுலா பஸ் வண்டிகளுள் பாட்டு ஒலிக்காததைக் காண்பது அரிது. எமது மாணவர்கள் அத்தகைய பயணமொன்றுக்கெனத் தொகுத்த பாடல் வரிசையொன்று எமக்குக் கிடைத்தது. கே. பி. சுந்தராம்பாளின் பழைய இசைத்தட்டு ஒன்று. ஒருகாலத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழியாகத் தமிழகத்திலும் விரும்பிக் கேட்கப்பட்ட திரைப்பாடல்கள் சில. 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யும் அதற்குப் பிந்திய இளையராஜாவும். 1992இன் 'ரோஜா'வும் அதன்பின் வந்தனவும். அமரதேவவின் சிங்களப் பாடல்கள் இரண்டு. இவற்றோடு, மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் மாணவர்கள் தாமே பதிவு செய்த ஒரு தாலாட்டும் ஒரு தப்பு முழக்கமும். ரசனையின் விரிவைக் காட்டும் தொகுப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனைத் தொடர்ந்து கேட்பது எளிதாக இருக்கவில்லை. சுந்தராம்பாளுக்காக உயர்த்திய ஒலியில், அடுத்து வந்த புதிய திரைப்பாடல் அறையை அதிரச் செய்தது. அதற்கெனத் தாழ்த்திய ஒலியில் தாலாட்டு மறைந்தே போயிற்று.

சீகிரியாவில் உரப்பு வெறும் ரசனைப் பிரச்சினையுமன்று. சிங்கபாதங்களை அடுத்துள்ள மேடையில், பாறையிற் கூடு கட்டும் குளவிகள் இரைச்சலாற் கலையக்கூடும் எனவும் அமைதி காக்குமாறும் பயணிகளை எச்சரிக்கும் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. பஸ் வண்டிக்குள் போதாதெனத் தோன்றிய அதே கைத்தொலைபேசியின் ஒலி அம்மேடையில் மிகையாகிவிடும். உரப்பு என்பது ஒலியின் தனிக்குணமன்று. ஒலிக்கும் கேட்போருக்கும் சூழலுக்கும் இடையிலான உறவு.

பௌதிகவியலும் இதனையே வேறு மொழியிற் கூறுகின்றது. 1933இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு, ஒரே செறிவுடைய ஒலிகள் அதிர்வெண் வேறுபடுமிடத்து ஒரே உரப்புடன் கேட்பதில்லை என்பதை அளந்து காட்டிற்று. நம் செவி ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியிற் கூர்மையானது. தாழ்ந்த அதிர்வெண்களுக்கு மந்தமானது. ஒலி மெலியுந்தோறும் அம்மந்தம் மிகுகின்றது. மேலும், 3 தெசிபெல் உயர்வு ஒலியின் வலுவை இருமடங்காக்குமாயினும், செவிக்கு உரப்பு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 தெசிபெல் உயர வேண்டும்.

இக்காரணத்தால், மென்பொருள்களில் நெடுநாள் வழங்கிய மிக எளிய முறையான உச்சச் சமனாக்கம் பயன் தருவதில்லை. அம்முறையில் ஒரு பாடலின் அதியுயர்ந்த கணம் எதுவோ அதுவே முழுப்பாடலின் அளவாகக் கொள்ளப்படுகின்றது. தாலாட்டின் நடுவே யாரோ ஒருவர் இருமினால் அவ்விருமலே அளவாகிவிடும். தொடக்கம் முதல் இறுதி வரை உச்சத்தை ஒட்டியே நிற்கும் புதிய பாடலும், ஒரேயோர் அடியில் மாத்திரம் உச்சத்தைத் தொடும் பழைய பாடலும் இம்முறையிற் சமம். செவிக்கோ அவை சமமல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வெளியிட்ட பி.எஸ். 1770 என்னும் பரிந்துரை இக்குறையை நீக்க முயன்றது. செவியின் இயல்புக்கேற்பத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைச் சற்று மிகுத்தும், பாடல் முழுவதன் சராசரி ஆற்றலை அது கணிக்கின்றது. பின்னர் வந்த திருத்தத்தின்படி மௌனமும் மிக மெல்லிய பகுதிகளும் கணக்கில் எடுக்கப்படாது விடப்படுகின்றன. இறுதியில் எஞ்சுவது ஓர் எண், எல்.யூ.எவ்.எஸ். என்னும் அலகாற் குறிக்கப்படுவது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஒலிபரப்புக்கு −23 என்னும் இலக்கை விதித்தது. இணையவழிப் பாடற் சேவைகள் பல −14ஐ ஒட்டி நிற்கின்றன.

இலக்கு −14 எனக் கொள்வோம். −8 அளவுடைய புதிய திரைப்பாடல் 6 தெசிபெல் தாழ்த்தப்படும். −20 அளவுடைய பழைய இசைத்தட்டு 6 தெசிபெல் உயர்த்தப்பட வேண்டும். அதன் உச்சம் ஏற்கெனவே −3இல் இருக்குமாயின், உயர்த்தியபின் அது எண்முறை ஒலியின் எல்லையை 3 தெசிபெல் கடந்து நிற்கும். அவ்வெல்லைக்கு மேல் இடமில்லையாதலின் அலையின் தலை வெட்டுண்டு ஒலி சிதையும். சிதைவைத் தவிர்க்க வேண்டுமாயின் உச்சங்களை ஒடுக்க வேண்டும். அன்றேல் இலக்கையே தாழ்த்த வேண்டும். உயர்த்தும்போது குரலோடு தட்டின் தேய்மான இரைச்சலும் 6 தெசிபெல் உயர்கின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஈண்டு ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூறல் அவசியம். பாடல் முழுவதையும் ஒரே எண்ணாற் பெருக்குவது ஒன்று. பாடலுக்குள்ளே மெல்லியதை உயர்த்தி உரத்ததைத் தாழ்த்துவது, அதாவது ஒடுக்குவது, வேறொன்று. முன்னது பாடலின் உள்ளமைப்பைத் தீண்டுவதில்லை. பின்னது தீண்டுகின்றது. இவ்விரண்டையும் குழப்பியே பெரும்பாலான வாதங்கள் நடைபெறுகின்றன.

இனி, பாடல்களின் உரப்பு இத்துணை வேறுபடுவதேன் என்பதை நோக்குவோம். சுந்தராம்பாளின் குரல் ஒலிவாங்கிக்கு முற்பட்ட நாடக மேடையில் உருவானது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனை எட்டுவது அக்குரலின் தொழிற்றேவை. அத்துணை வலிய குரல் நம் தொகுப்பில் மெலிந்து கேட்பது முரண்போலத் தோன்றலாம். ஆயின் அம்மெலிவு குரலின் மெலிவன்று, தட்டின் மெலிவு. வானொலி வந்தபோது வெவ்வேறு தட்டுகளைச் சமன் செய்யும் பணி கட்டுப்பாட்டறையில் அமர்ந்த ஒரு மனிதரின் கைக்கும் காதுக்கும் உரியதாயிற்று. 1939இல் அமெரிக்க ஒலிபரப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட ஊசி அளவி அக்கைக்கு உதவிற்றேயன்றி அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 1941இல் அடோர்ணோ எழுதிய 'வானொலிச் சிம்பனி' பற்றிய கட்டுரை, வீட்டறைக்குள் வந்து சேரும் சிம்பனி தன் ஒலிப்பரப்பின் விரிவை இழந்து, கேட்போனைச் சூழ்ந்து நிற்கும் ஆற்றலையும் இழக்கின்றது என்று வாதித்தது. அவரது அவதானம் கூரியது. ஆயினும் இசையரங்கின் ஆசனத்துக்குப் பணம் செலுத்த இயலாதவர் அச்சிம்பனியை வேறெங்ஙனம் கேட்டிருப்பார் என்னும் வினாவை அவர் போதியளவு கருதினாரென நாம் கூற மாட்டோம்.

இறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. எண்முறை ஒலிக்குக் கடக்க முடியாத மேலெல்லை உண்டு. அவ்வெல்லைக்குக் கீழே எவ்வளவு அடர்த்தியாக ஒலியை நிரப்பலாம் என்பதே போட்டியாயிற்று. அடுத்தடுத்து ஒலிக்கும் இரு பாடல்களுள் சற்று உரத்தது முதற்கேட்பிற் சிறந்ததாகத் தோன்றும் என்பது அனுபவ உண்மை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் பாடலை மற்றையதைவிட உரப்பாக்க முற்பட்டது. மேலைத்தேயத்தார் இதனை உரப்புப் போர் என்பர். 2008இல் வெளிவந்த மெட்டாலிகா குழுவினரின் 'டெத் மக்னெற்றிக்' இசைத்தொகுதியின் ஒலிச்சிதைவை அவர்களின் ரசிகர்களே கண்டித்தமை இப்போக்கின் உச்சம். தமிழ்த் திரைப்பாடலும் இதற்கு விலக்கன்று. மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற் பாகத்தில் (1867) விளக்கும் ஓர் இயக்கம் இங்கு நினைவுக்கு வருகின்றது. புதிய உற்பத்தி முறையை முதலிற் கைக்கொள்ளும் முதலாளிக்கு மேலதிக உபரிப்பெறுமதி கிட்டுகின்றது. அம்முறை பொதுவாகியதும் அம்மிகை மறைகின்றது. ஆயின் எவரும் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. உரப்பிலும் அஃதே நிகழ்ந்தது. அனைவரும் உரக்கக் கூவியபின் கூவுதலால் எவருக்கும் ஆதாயமில்லை, கூவாதிருத்தலோ நட்டம்.

இப்போட்டியைத் தணித்தது கலைஞரின் எதிர்ப்போ கேட்போரின் இயக்கமோ அன்று. பாடல் விநியோகத்தைத் தம் கைக்குட் கொண்ட ஒருசில பெருநிறுவனங்கள், எல்லாப் பாடல்களையும் ஒரே இலக்குக்குக் கொண்டுவரத் தொடங்கின. எவ்வளவு உரப்பாகப் பதித்தாலும் தாழ்த்தப்படும் என்றானபோது உரப்புக்கான ஊக்கம் குறைந்தது. விளைவு நல்லதே. எனினும் அதன் நோக்கத்தை நாம் மறத்தலாகாது. இந்நிறுவனங்கள் விற்பது பாடலையன்று, இடையறாத கேட்பை. கேட்போன் ஒலிக்குமிழை நோக்கிக் கை நீட்டும் கணம் அவன் விழித்துக்கொள்ளும் கணமுமாகும். அக்கணத்தைத் தவிர்ப்பதில் அவற்றுக்கு அக்கறை உண்டு.

சமனாக்கம் பற்றி நம்மிடையே இரு நிலைப்பாடுகள் கேட்கப்படுகின்றன. மூலத்தின் ஒலியளவைத் தீண்டுவது கலைக்கு இழைக்கும் தீங்கு என்பர் ஒரு சாரார். இவர்கள் மூலம் எனக் கொள்வது ஒரு பொறியியலாளர் ஒருநாள் வைத்த அளவையே. தட்டிலுள்ள ஒலியளவு பாடகியின் ஒலியளவன்று. முழுப்பாடலையும் ஒரே எண்ணாற் பெருக்குவது குமிழைத் திருகுவதற்கு ஒப்பானதேயன்றி வேறன்று. மறு சாரார், அவர்களுள் நம் முற்போக்கு நண்பர்களும் உளர், சமனாக்கத்தைச் சனநாயகமாகக் காண்கின்றனர்: சிறியதும் பெரியதும், பழையதும் புதியதும் ஒரே உரிமையுடன் ஒலிக்கட்டுமே என்பது அவர்தம் வாதம். இக்கூற்று கவர்ச்சியானது. ஆயின் மார்க்ஸ் 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமரிசிக்கையில் எடுத்துக்காட்டியதுபோல, சமமற்றோர் மீது ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் சம உரிமை உள்ளடக்கத்திற் சமமின்மையின் உரிமையேயாகும். எந்த ஒன்றில் சமம் என்று கேளாத சமத்துவம் அளவுகோலை வைத்திருப்பவனுக்கே பயன்படும்.

சீகிரியாவின் கண்ணாடிச் சுவர் இவ்விடத்தில் எதிர்பாராத ஓர் ஒப்புமையைத் தருகின்றது. காசியப்பன் (477–495) காலத்து இச்சுவரில், பிற்காலப் பயணிகள், சிறப்பாக 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்தோர், ஓவியப் பெண்களைக் கண்டு செய்யுள்களைக் கீறிச் சென்றனர். சிங்களத்தில் இவை 'குருட்டு கீ' எனப்படும். தமிழ்ச் செவிக்கு விபரீதமாக ஒலிக்கும் இத்தொடருக்குக் கிறுக்கற் பாடல்கள் என்பதே பொருள். 'கீ' என்பது பாட்டு. ஆகவே இச்சுவரும் ஒரு பாடற்றொகுப்பு எனலாம். சில அழுத்தமாகக் கீறப்பட்டவை. சில கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கோடுகள். சில ஒன்றன்மேல் ஒன்று விழுந்தவை. செனரத் பரணவிதான இவற்றுள் 685ஐ வாசித்து 1956இல் பதிப்பித்தார். அச்சில் அவை அனைத்தும் ஒரே எழுத்தளவில், வரிசையெண் பெற்று நிற்கின்றன. ஆழமாகக் கீறிய கையும் தயங்கித் தீற்றிய கையும் அங்கு சமம். இதனை ஓர் உரப்புச் சமனாக்கம் என்று கூறுவது மிகையாகாது. அச்சமனாக்கம் இன்றேல் மெல்லிய கோடுகள் நமக்கு என்றும் கேட்டிரா; பதிப்பாசிரியருக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. ஆயின் அச்சுப் பிரதியை மாத்திரம் கற்பவன், எது எதற்கு அருகில் நின்றது, எது எதன்மேல் ஏறி நின்றது என்பதை அறியாமலே ஒவ்வொன்றையும் தனிப்பாடலாக ரசிக்கப் பழகிவிடுகின்றான். சுவரைத் தொகுப்பாக்கியது எதுவோ அதுவே அச்சில் அவனுக்குத் தென்படாது போகின்றது.

பாடல்களுக்கிடையிலான உரப்பு வேறுபாடும் இவ்வாறே பல வேளைகளில் உள்ளடக்கத்தின் ஒரு பகுதியாகும். கச்சேரியொன்றின் பதிவைத் தனித்தனிப் பாடல்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரே இலக்குக்குக் கொண்டு வந்தால், தாளமின்றி மெல்லப் பாடப்பட்ட விருத்தம் தனியாவர்த்தனத்துக்கு நிகராக ஒலிக்கும். இளையராஜா புடாபெஸ்ற் சிம்பனி இசைக்குழுவினரைக் கொண்டு 2005இல் வெளியிட்ட 'திருவாசகம்' ஆறு பகுதிகளாலான ஒரே படைப்பு. அதன் பகுதிகளைத் தனித்தனியே சமன் செய்வது நாடகமொன்றின் காட்சிகளைச் சம நீளத்துக்கு வெட்டுவது போன்றது. டேவிட் றொபின்சன் 2001இல் முன்மொழிந்த 'ரீப்ளே கெயின்' முறை இதனை உணர்ந்திருந்தது. அதில் இரண்டு எண்கள் உண்டு: பாடலுக்கு ஒன்று, இசைத்தொகுதிக்கு ஒன்று. இரண்டாவதைத் தெரிவு செய்தால் தொகுதி முழுவதும் ஒரே எண்ணால் உயரும் அல்லது தாழும், உள்ளுறவுகள் கெடா. அன்றியும் அவ்வெண்கள் ஒலிக்கோப்பின் ஓரத்தில் குறிப்பாகவே எழுதப்படுகின்றன, ஒலி மாற்றப்படுவதில்லை. எவரும் எப்போதும் அவற்றை நீக்கிவிடலாம். இத்தெரிவு இன்று பல மென்பொருள்களில் உண்டெனினும், கலந்தெடுத்த வரிசைகளில் தனிப்பாடலே அலகாக நிற்கின்றது. சரக்காக விற்கப்படும் அலகும் அதுவே என்பது தற்செயலன்று.

மாணவர்களின் தொகுப்பிலிருந்த தாலாட்டும் தப்பும் இப்பிரச்சினையை அதன் முழு வடிவிற் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்து வரப்பட்ட தொழிலாளர் மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். சீகிரியாப் பாறைக்குச் சில மைல் மேற்கே சென்ற அவ்வீதியில் அவர்களோடு வந்தவை இவ்விரு ஒலிகளும். தப்பு தோட்டத்திற் சடங்குக்கும் சாவுக்கும் மாத்திரம் ஒலித்ததன்று. விடியுமுன் பிரட்டுக்கு ஆள் திரட்ட அதே தப்பு அடிக்கப்பட்டது. லயத்தின் எந்த அறையும் அதற்குத் தப்ப முடியாதவாறு ஒலிப்பது அதன் பணி. மக்களின் வாத்தியம் நிருவாகத்தின் கடிகாரமாக்கப்பட்டது. தாலாட்டோ ஒரே சுவரைப் பகிரும் அறைகளுள் ஒன்றில், அடுத்த அறையில் களைத்துக் கிடப்போரின் துயிலைக் கெடாது பாடப்படுவது. அதன் மெலிவு தாயின் குரற்குறையன்று. அறையின் அகலமும் அயலவர்பால் அவள் கொண்ட பரிவும் நாளைய வேலையும் சேர்ந்து விதித்த அளவு. மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் சொற்களைக் காப்பாற்றித் தந்தனர். அச்சொற்கள் எவ்வளவு மெல்லப் பாடப்பட்டன என்பதை எழுத்து காப்பாற்றாது. ஒலிப்பதிவு காப்பாற்றலாம். அப்பதிவில் தாலாட்டைத் தப்பின் அளவுக்கு உயர்த்திவிட்டால், அவ்விரண்டுக்கும் இடையே நின்ற தோட்டம் மறைந்து இரு நாட்டார் இசைத்துண்டுகள் எஞ்சும்.

இவ்விடத்தில் எமது வாதத்துக்கு எதிரான ஒன்றையும் கூறியாக வேண்டும். உறவுகளைக் காத்த தொகுப்பைக் கேட்க அமைதியான அறை வேண்டும். அமைதியும் இன்று ஒரு சொத்து. அது எல்லோரிடத்தும் சமமாக இல்லை. பஸ் வண்டியின் இயந்திர இரைச்சலில், ஆடைத் தொழிற்சாலையின் விடுதியில், பெருவீதியோரத்து ஒற்றை அறையில் கேட்போருக்கு மெல்லியது கேட்பதேயில்லை. அவர்களுக்குச் சமனாக்கம் ஓர் உதவி. அதனை மறுப்பது அடோர்ணோவின் இசையரங்குக்கே நம்மைத் திருப்பிவிடும். ஆகவே பயணத்துக்கென ஒரு வரிசை பாடலளவிற் சமன் செய்யப்படுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆய்வுக்கும் சேமிப்புக்கும் உரிய பிரதியில் அது செய்யப்படுவதையே எதிர்க்கின்றோம். ஒரே கோப்பு இரண்டுக்கும் பயன்படலாம். எண்ணை ஒலியோடு கரைத்துவிடாது ஓரத்தில் எழுதி வைத்தாற் போதும்.

இறுதியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. மேற்கூறிய தாலாட்டும் தப்பும் கைத்தொலைபேசியாற் பதிவு செய்யப்பட்டவை. அத்தகைய கருவிகளுட் பல, பதியும்போதே மெல்லியதை உயர்த்தியும் உரத்ததைத் தாழ்த்தியும் தாமாகவே மட்டத்தைச் சரி செய்கின்றன. அங்ஙனமாயின் நாம் காக்க விரும்பும் வேறுபாடு மென்பொருளை அடையுமுன்னரே குறைந்துவிடுகின்றது. பின்னர் அதனை மீட்க வழியில்லை. தோட்டங்களுக்கும் கூத்துக்களங்களுக்கும் பதிவு செய்யச் செல்லும் ஆய்வு மாணவர் தன்னியக்க மட்டக் கட்டுப்பாட்டை நிறுத்தி, தப்பு முழக்கத்தின் அதியுயர்ந்த அடி எல்லையைத் தொடாதவாறு பதிவு மட்டத்தை முதலிற் குறித்து, அம்மட்டத்தை மாற்றாமலே தாலாட்டையும் பதிதல் வேண்டும். ஒலிவாங்கிக்கும் பாடுபவருக்கும் இடையிலான தூரத்தை அடிக்கணக்கிற் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். மட்டத்தை மாற்ற நேரின் மாற்றிய அளவைத் தெசிபெல்லில் எழுதுதல் வேண்டும். தாலாட்டு முதற்கேட்பில் மிக மெல்லியதாகவே இருக்கும். 24 பிட் பதிவில் அதனால் நட்டமில்லை.